ஒன்றரை டன்தானே!

கிரேன் வேலையில் எவரும் முதலில் கேட்பது எத்தனை டன் என்றுதான். சிங்கப்பூரில் ஜூரோங், துவாஸ் பக்கத்துக் கப்பல் பட்டறைகளில் ரிக்கராக, அதாவது சுமையைக் கட்டிக் கிரேனில் மாட்டுகிறவனாக, இருந்தவரை எனக்கும் அந்த ஒரு கேள்வியே போதுமானதாக இருந்தது. கப்பலின் இரும்புப் பிளாக்கோ எஞ்சினோ, எடை தெரிந்தால் கிரேன் முடிவாகிவிடும், கம்பிக்கயிறு முடிவாகிவிடும். இரும்பு முரட்டுச் சாமான். கொஞ்சம் நசுங்கினாலும் வெல்டர் பார்த்துக்கொள்வார்.

பிறகு வாடகைக் கிரேன் வைத்திருந்த ஒரு முதலாளியிடம் சேர்ந்தேன். 1990களின் நடுவில் துவாஸில் ராஃபிள்ஸ் மரீனா வந்த பிறகு, தீவிலும் எதிரே ஜொகூர் கரையிலும் உல்லாசப் படகுகள் பெருகிக்கொண்டிருந்தன. சாதாரணப் பாய்ப்படகைக் கரையேற்ற எங்களைப் போன்றவர்கள் தேவையில்லை. டிராவல் லிஃப்ட் என்று ஒன்று உண்டு. சக்கரம் வைத்த பெரிய இரும்புச் சட்டம், நடுவில் தொங்கும் இரண்டு அகலப் பெல்ட். இரண்டு மேடைக்கு நடுவே படகு நுழையும், பெல்ட் தூக்கும், சட்டம் அப்படியே உருண்டு கரைக்குள் வந்துவிடும். 12 மீட்டர் நீளப் பாய்ப்படகுகூட 4 மீட்டர் அளவில்தான் அகலம் இருக்கும் என்பதால் இந்த ஏற்பாடு நடக்கிறது. டிரைமரான் அப்படியல்ல. 8 மீட்டர் நீளம்தான் இருக்கும், ஆனால் நடு உடலுக்கு இருபுறமும் கை நீட்டி மிதவைகளைப் பிடித்துக்கொண்டு 6 மீட்டருக்குப் பரந்து நிற்கும். பல லிஃப்டுகளின் கால்களுக்கு நடுவே அது நுழையாது. அப்போதுதான் கிரேனுக்கு ஆள் வரும்.

கிரேன் டிரைவர்கள் அந்தப் படகைப் பார்த்ததும் சிரிப்பார்கள். எஃப்-27 என்று ஒரு படகு. நியூசிலாந்துக்காரரான இயன் ஃபாரியர் வரைந்தது, 1980களில் கலிஃபோர்னியாவில் கோர்சேர் நிறுவனம் கட்டத் தொடங்கியது. பாய், நங்கூரம், எஞ்சின், சமையல் சாமான் எல்லாம் ஏற்றினாலும் ஒன்றரை டன் சுமாருக்குத்தான் வரும். 50 டன் கிரேனைக் கொண்டுவந்து நிறுத்தியவருக்கு அது விளையாட்டுச் சாமான் மாதிரி தெரியும். ஊரிலிருந்து புதிதாக வந்த பையன்களும் அதையேதான் சொல்வார்கள்: "ஒண்ணரை டன்தானே அண்ணாச்சி, ரெண்டு பச்சை பெல்ட் போதாதா?"

பச்சை பெல்ட் என்றால் 2 டன். ஊதா 1, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5 என்று நிறத்தை வைத்தே எடையைச் சொல்லிவிடலாம். பையன் கணக்கில் தப்பில்லை, பெல்ட் அறாது. ஆனால் இந்த வேலையில் பெல்ட் அறுந்து படகு விழுந்ததை நான் பார்த்ததே இல்லை. நான் பார்த்த சேதமெல்லாம் பெல்ட் நன்றாக இருக்கும்போது நடந்தவை.

முதல் சங்கதி, எங்கே பிடிப்பது. டிரைமரானின் எடை முழுக்க நடு உடலில் இருக்கிறது. பக்க மிதவைகள் அநேகமாக வெறும் கூடு. அகலத்தைப் பார்த்து மயங்கி மிதவைகளுக்கு அடியில் பெல்ட் கொடுத்தால், கடலில் கீழிருந்து மேலே வாங்குகிற பாரத்தைக் கைகள் கரையில் வேறு தினுசாக வாங்க வேண்டி வரும். மூட்டு தாங்கலாம், தாங்காமலும் போகலாம். ஆகவே பெல்ட் நடு உடலுக்கு அடியில்தான் போக வேண்டும், முன்கைக்கு முன்னால் ஒன்று, பின்கைக்குப் பின்னால் ஒன்று. அது மேலே ஏறி வருகிற வழியில் பல படகுகளில் நடு உடலுக்கும் மிதவைக்கும் நடுவே ஆட்கள் நடப்பதற்கான வலை கட்டியிருக்கும். வலையின் கயிற்றை அவிழ்த்து வழி விட வேண்டும். இந்த வேலையைப் படகுக்காரர் முந்தின நாளே செய்து வைத்திருக்க வேண்டும். கிரேன் வந்து நின்ற பிறகு உப்பேறி இறுகின முடிச்சைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டிருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சில படகுகளில் கட்டியவர்களே தூக்குவதற்கு இடம் வைத்திருப்பார்கள். கைகள் நடு உடலோடு சேரும் இடங்களில் நாலு பக்கமும் ஷேக்கிள் மாட்டி, நாலு கால் கயிறாக மேலே ஒரே வளையத்தில் சேர்த்துவிடலாம். இது இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. இருக்கிறதா என்று படகின் கையேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். படகுக்காரரைக் கேட்டால் தெரியாது. மூன்றாம் கை, நான்காம் கையாக வாங்கினவர்களே அதிகம், எந்த வளையம் எதற்கு என்று அவர்களுக்குச் சொன்ன ஆள் கிடையாது. பாய்க்கயிறு மாட்டுகிற சின்ன வளையத்தைக் காட்டி "இதில் மாட்டுங்கள்" என்று அடம்பிடித்தவர்களும் உண்டு.

கையேடும் இல்லையென்றால் நான் உள்ளே இறங்கிப் பார்ப்பேன். படுக்கைப் பலகையைத் தூக்கினால் குறுக்குத் தடுப்புச் சுவர் எங்கே உடலோடு ஒட்டியிருக்கிறது என்று தெரியும். அமரத்திலிருந்து டேப் பிடித்து அளந்து, அதே அளவுக்கு வெளியே மேல்விளிம்பில் சிவப்பு டேப் ஒட்டி வைத்துவிட்டால் பெல்ட் அங்கேதான் நிற்க வேண்டும். இந்தப் படகுகளின் உடல் இரண்டு மெல்லிய கண்ணாடியிழைத் தோலுக்கு நடுவே நுரைப்பலகை வைத்துச் செய்தது. தடுப்புச் சுவர் இல்லாத இடத்தில் ஒடுங்கின பெல்ட் அழுத்தினால் உள்ளே நுரை நசுங்கித் தோல் தனியாகப் பிரிந்துவிடும், வெளியே பெயின்ட் மினுமினு என்றே இருக்கும். நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் 'டிக் டிக்' என்னும், பிரிந்த இடம் 'தொப்' என்னும். இறக்கிவைத்த பிறகு சர்வேயர் ஒருவர் அப்படித் தட்டிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நின்று, பென்சிலால் வட்டம் போட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் படகைத் தூக்கியது வேறு ஆட்கள். ரிப்பேர் தொகை கிரேன் வாடகையைப் போலப் பல மடங்கு என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அடுத்தது கோணம். ரிக்கர் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் இதை மனப்பாடம் செய்கிறார்கள், வேலையில் மறந்துவிடுகிறார்கள். இரண்டு கால் கயிறு கிடைமட்டத்துக்கு 60 பாகையில் நின்றால் ஒவ்வொரு காலிலும் சுமையில் 58 சதவீதம் இழுவை. 45 பாகைக்குச் சரிந்தால் 71. 30 பாகை என்றால் ஒவ்வொரு காலும் முழுச் சுமையையும் இழுக்கிறது. இது கயிற்றுக்கு உள்ள கணக்கு. படகுக்கு உள்ள கணக்கு வேறு. அதே கயிறு படகை இருபுறமிருந்தும் உள்பக்கமாக நெருக்குகிறது. அந்த நெருக்கல் 60 பாகையில் சுமையில் 29 சதவீதம், 45ல் பாதி, 30ல் 87. இரும்புப் பிளாக்குக்கு இது கொசுக்கடி. டிரைமரானின் நடு உடலோ ஒடுங்கலானது, தோலும் மெல்லியது. ஹூக் தாழ்வாக நின்று பெல்ட் சரிந்து ஏறினால் மேல்விளிம்பு 'நறுக்' என்று சத்தம் கொடுக்கும். அதனால்தான் மேலே ஸ்ப்ரெடர் பார் என்கிற குறுக்குச் சட்டம் வைக்கிறோம். பெல்ட் நேராக இறங்கும், சட்டம் நெருக்கலை வாங்கிக்கொள்ளும். சட்டத்துக்கும் ஒரு எடை உண்டு, ஹூக் பிளாக்குக்கும் உண்டு. கிரேன் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும். சின்னப் படகுகளில் சட்டமும் ஹூக்கும் சேர்ந்து படகின் எடையில் பாதி வந்துவிடுவதும் உண்டு.

கிரேன் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 50 டன் கிரேன் என்று பெயர்ப்பலகையில் எழுதியிருப்பது, சுமையைத் தன் மடிக்குப் பக்கத்தில், 3 மீட்டர் சுமாரில் வைத்துக்கொண்டு தூக்கினால் உள்ள பலம். தூரம் போகப் போக அது மளமளவென்று இறங்கும். இங்கே படகின் நடுப்புள்ளியைக் கரையோரத்திலிருந்து பாதி அகலம் தள்ளி எடுக்க வேண்டும், அதற்கு மேல் மோதாமல் இருக்க ஒரு மீட்டர் இடைவெளி. கிரேனையும் கரையின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்த முடியாது. பழைய கற்சுவருக்குப் பின்னால் மண் அரித்துப்போய்ப் பொந்தாக இருப்பது மேலே இருந்து பார்த்தால் தெரியாது, கிரேனின் நீட்டுக்கால் இறங்கும்போதுதான் தெரியும். ஆகவே விளிம்பிலிருந்து தள்ளி நிறுத்தி, காலுக்கு அடியில் இரும்புத் தகடு போடுவோம். எல்லாவற்றையும் கூட்டினால் 12, 14 மீட்டர் ஆரம் வந்துவிடும். படகை நீரிலிருந்து எடுத்துத் திருப்பி உள்ளே வைக்கிற இடம் இன்னும் தூரமாக இருந்தால் அந்தத் தூரம்தான் கணக்கு. 13.5 மீட்டர் நீளம், 8.5 மீட்டர் அகலம் என்று பிரெஞ்சுக்காரர்கள் கட்டின நீல் 45 மாதிரி வீட்டுப்படகு என்றால், 50 டன் கிரேன் போதுமா என்று உட்கார்ந்து அட்டவணை பார்க்க வேண்டிய வேலை.

பாய்மரம் இன்னொரு தலைவலி. கழற்றி வைத்துவிட்டுத் தூக்குவதே நல்லது. ஆனால் அதற்குத் தனியாக ஒரு தூக்கு, தனியாக ஒரு மணி நேர வாடகை, படகுக்காரர்கள் சம்மதிக்க மாட்டார்கள். மரத்தோடு தூக்குவதானால் ஒரு விஷயம் அனுபவத்தில் புரிந்தது. எல்லாரும் படகைப் பக்கவாட்டில்தான் கரையோடு அணைப்பார்கள். அப்போது மிதவையிலிருந்து மரத்தின் உச்சிக்குப் போகிற கம்பி கிரேன் கைக்குக் குறுக்கே நிற்கும். அமரம் கரையைப் பார்க்கிற மாதிரித் திருப்பி நிறுத்தினால், இந்தப் படகுகள் பலவற்றில் பின்பக்கம் கம்பியே கிடையாது என்பதால் கிரேன் கை தாராளமாக உள்ளே வரும். ஹூக் மரத்துக்குச் சற்றுப் பின்னால் இறங்கும். எடைப்புள்ளியும் அநேகமாக அங்கேதான். நீளமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் படகு என்பதால் ஆரம் ஒரு மீட்டருக்கு மேல் அதிகமாகாது. முதலில் இதைச் சொன்னபோது மலாய்க்கார டிரைவர் ஒருவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதற்கப்புறம் அவரே "புந்தூட் டூலு" என்று மலாயில் சொல்லிச் சிரிப்பார். பின்பக்கம் முதலில் என்று அர்த்தம்.

மிதவையில் தண்ணீர் என்பது தனிக் கதை. ஜொகூர் பக்கம் ஒட்டுப்பலகையில் வீட்டுக் கொல்லையில் கட்டின பழைய டிரைமரான் ஒன்று. ஆர்தர் பைவர் என்கிற அமெரிக்கர் 1960களில் சாதாரண ஜனங்கள் தாங்களே கட்டிக்கொள்ளட்டும் என்று வரைபடம் விற்றார், உலகம் முழுக்கக் கட்டினார்கள். அந்த வம்சத்துப் படகு. ஆள் இல்லாமல் நெடுநாள் கட்டிக் கிடந்தது. நீரில் சமமாகத்தான் மிதந்தது. "மிதவையில் தண்ணீர் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். பார்த்தாயிற்று என்றார் வாங்கினவர். பெல்ட் போட்டு, இழுவை ஏற்றி, நீரிலிருந்து ஒரு சாண் கிளம்பினதும் இடதுபக்கம் முழங்கால் அளவுக்குத் தணிந்துவிட்டது. நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினேன். அந்த நிமிடத்தில் மிதவைக்குள் தண்ணீர் அணியத்தை நோக்கி ஓடுகிற சத்தம் கரையில் நின்ற எங்களுக்கே கேட்டது. மூக்கு இறங்கிற்று. முன்பெல்ட் முன்னால் நழுவப் பார்த்தது.

நழுவவில்லை. இரண்டு பெல்ட்டையும் படகின் இருபுறமும் கயிற்றால் ஒன்றோடொன்று கட்டியிருந்தோம், விலக வழியில்லை. மெதுவாகத் திரும்ப நீரில் வைத்துவிட்டு மிதவையின் மூடியைத் திறந்து பம்ப் போட்டோம். பழுப்பு நிறத்தில் வந்துகொண்டே இருந்தது. நீரில் இருக்கும்போது கடல் அந்தப் பக்கத்தைத் தாங்கிக்கொண்டிருந்ததால் குறை தெரியவில்லை. 300 லிட்டர் தண்ணீர் 300 கிலோதான், ஆனால் அது நடுவிலிருந்து 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, மேலும் ஓடுகிறது. அன்றிலிருந்து மிதவையின் மூடியை என் ஆள் ஒருவன் திறந்து, கையை விட்டுப் பார்த்து, எனக்கு உலர்ந்த கையைக் காட்ட வேண்டும். வாய்வார்த்தையை ஏற்பதில்லை.

மடக்குகிற படகுகளைப் பற்றியும் ஒரு கேள்வி அடிக்கடி வரும். ஃபாரியர் படகில் போல்ட்டைக் கழற்றினால் மிதவைகள் உள்ளே மடங்கி அகலம் இரண்டரை மீட்டர் சொச்சம் ஆகிவிடும், டிரெய்லரில் ரோட்டிலேயே கொண்டுபோகலாம். அப்படியானால் மடக்கிவிட்டுத் தூக்கினால் என்ன? மடக்கினால் மிதவைகள் நடு உடலின் விலாவோடு ஒட்டி நிற்கும், அடியிலிருந்து ஏறுகிற பெல்ட் நேரே அவற்றின் மேல்தான் அழுந்தும். நாலு முனை வளையம் இருந்தால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் விரித்தபடியே தூக்கி, கரையில் கட்டையில் உட்காரவைத்த பிறகு மடக்கட்டும் என்பேன்.

காற்று இல்லாவிட்டால் இந்தத் தொழில் பாதி சுலபம். இரும்புப் பிளாக்கைக் காற்று அசைப்பதற்குள் வேலை முடிந்துவிடும். டிரைமரான் தொங்கும்போது அகலமும் வலையும் மெல்லிய உடலுமாகக் காற்றுக்கு வாகாக இருக்கிறது, எடையோ இல்லை. படகு சுழலாமல் பிடிக்க நாலு மூலையிலும் நாலு டேக் கயிறு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. ஊரில் வாடைக்கும் கச்சானுக்கும் முன்னறிவிப்பு உண்டு, வானத்தையும் கடலையும் பார்த்து மீனவர்கள் சொல்லிவிடுவார்கள். சிங்கப்பூரில் 'சுமத்ரா' என்று ஒரு காற்று, ஏப்ரலிலிருந்து நவம்பர் வரைக்கும், விடிவதற்கு முன்னாலோ காலையிலோ மேற்கிலிருந்து மழையோடு வரும். மணிக்கு 40லிருந்து 80 கிலோமீட்டர் வேகம்வரை வீசும், ஓரிரு மணி நேரத்தில் ஆடி முடிந்துவிடும்.

ஒரு காலை அப்படித்தான். நீர் ஏற்றம் முடிந்து அசையாமல் நிற்கிற நேரமாகப் பார்த்து வைத்திருந்தோம். அந்தச் சமயத்தில்தான் ஜொகூர் நீரிணையில் இழுப்பு இருக்காது, படகும் கரைக்கு உயரமாக நிற்கும், தூக்குகிற தூரம் குறையும். படகு நீரைவிட்டு ஆள் உயரம் கிளம்பியிருந்தது. மேற்கே கறுப்புக் கோடு ஒன்று விழுந்து நீரின் நிறம் மாறிற்று. கரையில் வைக்க இன்னும் பத்து நிமிடம் ஆகும், நீரில் வைக்க ஒரு நிமிடம். "துருன், பெலான்" என்று ரேடியோவில் சொன்னேன். இறக்கு, மெதுவாக. பெல்ட்டைத் தளர்த்தி, ஹூக்கை மேலே எடுத்து, படகை இருபுறமும் கட்டி முடிக்கும்போது மழை அறைந்தது. படகுக்காரர் நனைந்துகொண்டே என் முதலாளிக்குப் போன் செய்து புகார் சொன்னார். வாடகை இரட்டிப்பாகும் என்பது அவருடைய வருத்தம். முதலாளிக்கும் என் மேல் கோபம்தான். நான் பதில் சொல்லவில்லை. அந்தக் காற்றில் கரையில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் நீரிணையில் மிதந்துகொண்டிருந்தன.

நான் வந்த புதிதில் எல்லாம் கைச்சைகைதான். டிரைவருக்கும் சைகைக்காரனுக்கும் ஒரு கண் பழக்கம் வேண்டும். சைகை ஒருவன்தான் காட்ட வேண்டும் என்பது அப்போதும் விதி, ஆனால் படகுக்காரர், அவர் மனைவி, பக்கத்துப் படகுக்காரர் என்று நாலு பேர் கை ஆட்டுவார்கள். நிறுத்து என்கிற சைகை மட்டும் யார் காட்டினாலும் செல்லும் என்று டிரைவர்களிடம் சொல்லி வைப்போம். 2006ல் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2011ல் கிரேனுக்கென்று தனி விதிகள் வந்தன. தூக்குத் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும், தூக்குப் பணிக்கு மேற்பார்வையாளர், ரிக்கர், சைகைக்காரர் என்று பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்க வேண்டும். பெல்ட், ஷேக்கிளுக்கெல்லாம் வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனைச் சான்றிதழ். முன்பு பெல்ட்டில் வெட்டு விழுந்தால் முடிச்சுப் போட்டு ஓட்டின காலம் உண்டு. இப்போது சீட்டு இல்லாத பெல்ட்டைக் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். இது பெரிய நன்மை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் போன வாரத் திட்டத்தில் படகின் பெயரை மட்டும் மாற்றி, கையெழுத்துப் போட்டுக் கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். எடை என்ற கட்டத்தில் தொழிற்சாலை விளம்பரத்தில் உள்ள எடையை எழுதிவிடுகிறார்கள். இருபது வருஷம் குடித்தனம் நடந்த படகு அந்த எடையில் இருக்காது. கிரேனில் எடை காட்டுகிற மீட்டர் வந்தது நல்லதாயிற்று. ஒரு சாண் தூக்கி, மீட்டரைப் படித்து, காகிதத்தோடு ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் மேலே போவோம்.

கரையில் வைக்கும்போது எல்லாருக்கும் உடம்பு தளர்ந்துவிடுகிறது. நடு உடலின் அடியில் கட்டைகள்தான் எடையை வாங்க வேண்டும். மிதவைகள் பல படகுகளில் நடு உடலைவிட உயரமாக இருக்கும், கீழே இடைவெளி தெரியும். அதைப் பார்த்து முட்டுக்கொடுத்து இறுக்கத் தோன்றும். தொட்டும் தொடாமலும், தடுப்புச் சுவர் இருக்கும் இடத்தில் மட்டும் முட்டு வைத்தால் போதும், சாயாமல் இருக்க. முட்டு வைத்து முடியும்வரை ஹூக்கில் கொஞ்சம் இழுவை இருக்கட்டும். பிறகு இரண்டு மிதவையையும் தரையில் கொக்கி அடித்துக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்ட டிரைமரானை, தரையில் இருந்தபடியே ஒரு சுமத்ரா பக்கத்துப் படகின் மேல் கவிழ்த்ததைப் பார்த்த பிறகு இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் கிடையாது.

திரும்ப நீரில் இறக்குவது சுலபம் என்று நினைப்பார்கள். பெயின்ட் அடித்து, வால்வு மாற்றி, அடியில் சென்சார் துவாரத்தைத் திறந்து மூடியெல்லாம் இருப்பார்கள், எதையாவது மறந்திருப்பார்கள். படகு மிதந்ததும் பெல்ட்டைத் தளர்த்துவேன், கழற்ற விடமாட்டேன். படகுக்காரர் உள்ளே போய்த் தரைப்பலகையைத் தூக்கி, ஒவ்வொரு வால்வையும் தொட்டுப் பார்த்து, மிதவைகளையும் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். பத்து நிமிடம் பிடிக்கும். அதற்கும் சேர்த்துத்தான் கிரேனுக்குப் பில் வரும், முகம் சுளிப்பார்கள். ஒரு முறை ஒருவர் உள்ளே போன வேகத்தில் வெளியே தலையை நீட்டி, "அப், அப்!" என்று கத்தினார். டிரைவர் என் கையைப் பார்த்தார், நான் தூக்கச் சொல்லிச் சைகை காட்டினேன்.